மகள் வாசித்த குளிர்

மேடையில் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தது மோனிஷாதான் என்று அமுலுவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பச்சைச் சுடிதார் போட்டிருந்தவள் இப்போது யாருடையதோ நீலப் புடவையில் நிற்கிறாள், தோழி யாராவது கொடுத்திருப்பாள், முந்தானையை இப்படி இழுத்துக் குத்தினால் கிழியாதா, அடுத்தவங்க புடவை ஆச்சே. காலேஜ்ல தமிழ் மன்ற விழா, அம்மா அப்பாவெல்லாம் வரலாம்னு சொல்லிக்கிறாங்க, நீ சொம்மா வந்து ஒக்காரும்மா என்றுதான் கூப்பிட்டாள். கூப்பிடும்போது அம்மா அப்பா என்று ஒன்றாகச் சொல்லிவிட்டு, உடனே அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பாட்டுப் பாடுவாளாக இருக்கும் என்று நினைத்துச் சத்துணவுக் கூடத்தில் ஆயாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் குடியாத்தம் பஸ் பிடித்து வந்தாள் அமுலு. அரங்கத்தில் மின்விசிறிகள் வெந்நீரைக் கலக்குவது போலக் காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தன. வேலூர்ப் பக்கத்து மார்ச் மாதம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாள் நிகழ்ச்சி நிரல் அட்டையால் விசிறிக்கொண்டே, "உங்க பொண்ணா? அய்ய, நல்லா லட்சணமா கீறாளே" என்றாள். அமுலு தலையாட்டினாள். மோனிஷா தொண்டையைச் செருமினாள். "நூறு வருசத்துக்கு முன்னாடி நடந்த ஒரு போர். பனிக்காலத்துல பதுங்குகுழிக்குள்ள நின்ன ஒரு சிப்பாய் எழுதின கவிதை. அவர் ஊருக்குத் திரும்பல. இங்கிலீஷ்ல படிச்சேன், நானே தமிழ்ல மாத்தியிருக்கேன்." அப்போதுதான் அமுலுவின் கை மடியில் இருந்த பையின் காதைப் பிடித்தது. பனி. சிப்பாய். வேறு ஏதாவது எடுத்திருக்கக் கூடாதா இந்தப் பெண். மழை, நிலா, பாரத மாதா, எவ்வளவு இருக்கிறது.

"எங்கள் ரொட்டியை ரம்பத்தால் அறுத்தோம்" என்று ஆரம்பித்தாள் மோனிஷா. "தூளாய் விழுந்தது ரொட்டியா பனியா என்று பசிக்குத் தெரியவில்லை." யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயம்தான், அமுலுவே சிரித்திருக்கிறாள், புருஷன் தசரதன் அந்த முட்டைக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். எல்லைப் பனிமலையிலிருந்து கடைசி லீவில் வந்தபோது மோனிஷாவை மடியில் வைத்துக்கொண்டு சொல்வான், "அங்க முட்டய செவுத்துல அடிச்சா செவுருதான்டி ஒடையும். ஆரஞ்சுப் பழத்த பேட்டால அடிச்சா சிக்ஸர். பல்லு வெளக்கலாம்னு பேஸ்ட்ட அமுக்குனா வராது, அத மொதல்ல அக்குள்ள வெச்சி தூங்க வெக்கணும், பாப்பா மாதிரி." குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கும், இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்னும், அவன் இன்னொரு வாட்டி சொல்வான். ஒவ்வொரு வாட்டியும் முட்டை இன்னும் கெட்டியாகும். ரம்பத்தால் அறுத்தோம் என்று இந்தப் பெண் இப்போது சொல்வதும் அதுதானே, அதே கெட்டியான சாப்பாடுதானே, இதில் ஏன் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னதில் பசி இல்லை, அதுதான். முட்டை உடையவில்லை என்று சொன்னான், அன்றைக்கு என்ன சாப்பிட்டான் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சோத்தைப் போட்டு, குழம்பை ஊற்றி, இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கேட்டுச் சாப்பிட்டவனைப் பார்த்து, மிலிட்டரிக்காரன் நல்லா சாப்பிடுவான் என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினேன். தட்டின் ஓரத்தில் ஒட்டிய பருக்கையைக்கூட விரலால் வழித்து எடுப்பான். அந்த விரலின் நுனிகளில் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது, இளஞ்சிவப்பாக, குழந்தை விரல் மாதிரி. இன்னாங்க இது என்றதற்கு, கிளவுஸ் ஒத்துக்கல என்றான். கிளவுஸ் ஒத்துக்கல. அவ்வளவுதான், தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

"வீட்டுக்கு எழுதினோம்: இங்கே நலம், குளிர் பரவாயில்லை. எழுதிய விரல்கள் எழுத்தை உணரவில்லை." அமுலு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். மோனிஷா கீழே பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள், பார்வை அரங்கத்துப் பக்கமே வரவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும்? போனில் நான் பேசியதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளா, ஆறு வயசுக் குழந்தை, பாவாடையைப் பிடித்துக்கொண்டு அப்பா அப்பா என்று குதித்துக்கொண்டிருந்தது. மேலே இருந்து எப்போதாவதுதான் போன் வரும், நாலைந்து பேர் வரிசையில் காத்திருப்பார்கள் போல, சீக்கிரம் சீக்கிரம் என்பான், பேசுகிறபோது நடுநடுவில் குரல் விழுந்து எழுந்திருக்கும். "இங்க ஜம்முனு கீறேன் அமுலு, குளுரெல்லாம் ஒண்ணும் இல்ல, நம்மூரு வெயிலுக்கு இது சொர்க்கம்." அன்றைக்கு அப்படிச் சொன்னபோது நான் இன்னா சொன்னேன். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், பொண்ணு வாசிக்கிறாள், அதைக் கேள். ஒங்களுக்கு இன்னா, சொகமா ஏசியில கீறீங்க, இங்க ஃபேன் ஓடல, கொழந்த மேலெல்லாம் வேர்க்குரு, ஆளு இல்லாத வூட்ல நான் ஒருத்தி எத்தினிதான் பாக்கறது. அப்படித்தான் சொன்னேன். சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நிற்கவில்லை, லைன் போய்விட்டது. இருமலுக்கு மருந்து சாப்பிடுங்க என்று வெறும் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏசி. யார் வீட்டிலாவது, பேங்கில், ஆஸ்பத்திரியில், அந்தப் பெட்டி சுவரில் உட்கார்ந்துகொண்டு ஊதுகிறபோதெல்லாம் அந்தச் சொல் வாயில் வந்து நின்றுகொள்ளும், முழுங்க வேண்டியிருக்கும். பக்கத்து அம்மாள் விசிறிய காற்று கழுத்தில் பட்டது. "இந்த ஹால்ல ஒரு ஏசி போட்டா இன்னா, இத்தினி ஃபீஸு வாங்கறாங்க" என்றாள் அந்த அம்மாள். ஆமாங்க என்றாள் அமுலு. ஆமாங்க என்று சொல்ல எப்படி முடிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"பூட்ஸைக் கழற்றாதே, தம்பி. உள்ளே இருப்பது இனி உன் கால் இல்லை." மோனிஷா இங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தாள், எல்லாரும் காத்திருந்தார்கள். அமுலுவுக்குத் தன் கால் செருப்புக்குள் இருப்பது திடீரென்று தெரிந்தது, பத்து விரலும், சூடாக, வேர்த்து. அவன் உடம்பு பெட்டியில் வந்த அன்றைக்கு முகத்தை மட்டும் காட்டினார்கள். தேசியக் கொடி, துப்பாக்கி, கலெக்டர் ஆபீஸ் ஆட்கள், மரத்தில் ஏறி உட்கார்ந்த பசங்கள், இத்தனைக்கும் நடுவில் முகம் இருந்த இடத்தில் ஒரு சதுரத் திறப்பு. கன்னம் இருண்டிருந்தது, வெயிலில் அலைந்து வந்தவன் மாதிரி. பனியில் இருந்தவன் எப்படி வெயிலில் கறுத்தான் என்று அன்றைக்கு யோசித்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது, பைத்தியம் மாதிரி அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு, கால தொட்டுக் கும்பிட்டுக்கறேன், ஒரு வாட்டி தெறங்க என்றாள். கூட வந்த ஆபீசர் வேண்டாம்மா என்றார். நான் அவரு பொண்டாட்டிங்க, கால பாக்கக்கூட எனக்குப் பாத்யத இல்லியா என்று கத்தினாள். ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆபீசர் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பெட்டியின் கால்மாட்டில், பலகையின்மேல் நெற்றியை வைத்துக் கும்பிட்டாள். ஏன் தெறக்கல, ஏன் தெறக்கல என்று வருஷக்கணக்காக மனசு ஒரே இடத்தில் மோதிக்கொண்டு இருந்தது. கோபம்கூட இருந்தது அந்த ஆபீசர்மேல். இப்போது யாரோ வெள்ளைக்காரன், செத்து நூறு வருஷம் ஆனவன், பேர்கூடத் தெரியாதவன், தம்பி என்று கூப்பிட்டு ஒரு வரியில் சொல்லிவிட்டான். அதனால்தான் திறக்கவில்லை. அந்த ஆபீசருக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே மேடையில் நிற்கிற இவளுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. இல்லை, தெரியும். தெரியும், ஆனால் சொல்லாக இல்லாமல் இருந்தது. சொல்லாக இல்லாத வரைக்கும் அவன் கால் அவளுக்கு முழுசாகவே இருந்தது, பித்தவெடிப்போடு, கட்டைவிரலில் பழைய வெட்டுக் காயத்தோடு, கட்டிலில் அவள் காலைத் தேடி வரும் காலாக. கழற்றாதே தம்பி. யார் அவனுக்கு அப்படிச் சொல்லியிருப்பார்கள். மேலே கூட இருந்த நேகி சொல்லியிருப்பானா.

"தகரக் குவளையில் தேநீர் கைமாறி வந்தது. முதல் ஆள் குடித்தான், இரண்டாம் ஆள் குடித்தான், மூன்றாம் ஆள் குவளையை நீட்டிக்கொண்டே நின்றான். நான்காம் ஆளின் மீசையில் புதுப்பனி சேரவில்லை." பக்கத்து அம்மாளின் கையில் அட்டை நின்றுவிட்டது. மூச்சு இருந்தால்தானே மீசையில் பனி கட்டும், அமுலுவுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் நேகி சொல்லும்போது தன் மீசையைத்தான் முதலில் தொட்டுக் காட்டினான். நேகி பெட்டியோடு வந்தவன், மலைநாட்டுக்காரன், மேலே தசரதனோடு ஒரே சாவடியில் இருந்தவன். காரியம் முடிந்த மறுநாள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் வந்து, பாபிஜி என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு, உங்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னான். ஜபல்பூர் மிலிட்டரி குவார்ட்டர்ஸில் குடித்தனம் பண்ணியதில் அமுலுவுக்கு ஹிந்தி வரும், அந்த ஊரில் வேறு யாருக்கும் வராது. தூக்கத்திலேயே போய்விட்டான், வலியே இல்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார்கள். நேகிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, அல்லது வேறொன்று அவன் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு மார்பில் தண்ணீர் கோத்துக்கொண்டது பாபிஜி, படுக்க முடியவில்லை, உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டோம், மாற்றி மாற்றி. புயல் விடவில்லை, ஹெலிகாப்டர் கீழே கிளம்பிக் கிளம்பித் திரும்பியது, விமானியைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசியில் அவருக்கு ஹிந்தி மறந்துவிட்டது பாபிஜி. தமிழிலேயே பேசினார். எங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஒரே வார்த்தைதான், திரும்பத் திரும்ப. தண்ணீர் கேட்கிறாரோ என்று ஐஸை உருக்கிக் கொடுத்தோம், இல்லை என்று தலையாட்டினார். ஸ்டவ்வைப் பக்கத்தில் தள்ளினோம், தலையாட்டினார். போர்வையைப் போட்டோம், எடுத்தோம், சாமி படத்தைக் காட்டினோம். அவர் எங்களைக் கெஞ்சினார். என்ன கேட்டார் என்று தெரியாமலே போய்விட்டார். அதனால் அந்தச் சத்தத்தை நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டேன், கீழே இறங்கி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன், மறந்துபோகக் கூடாதென்று. சொல்கிறேன், அர்த்தம் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பது போல, அந்த முரட்டு ஆள் சொன்னான்: "அம்லூ. கதவ் சாத்தி. குள்ருது. கதவ் சாத்தி."

அமுலு, கதவ சாத்துடி. குளுருது, கதவ சாத்துடி. தை மாசத்தில் விடியற்காலையில் அவள் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் போர்வைக்குள்ளிருந்து வரும் அதே குரல், அதே எரிச்சல், அதே கொஞ்சல், அந்த வேற்றுமொழிக்காரனின் வாயில் உடைந்து நொறுங்கி, ஆனால் சொல்லுக்குச் சொல் சரியாக வந்து சேர்ந்திருந்தது. சாவடிக் கதவு மூடித்தானே இருந்திருக்கும், அங்கே யார் திறந்து வைப்பார்கள். அவன் வீட்டில் இருந்திருக்கிறான். வீட்டில் படுத்திருக்கிறான், நான் கதவைத் திறந்து போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன், எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. நேகி கண்ணைத் திறந்து அவள் முகத்தையே பார்த்தான். அவனிடம் எப்படிச் சொல்வது. இவ்வளவுதானா, இதைக்கூட எங்களால் செய்ய முடியவில்லையே என்று ஆயுசுக்கும் அறுத்துக்கொண்டு கிடப்பானே. சாமி பேரு, நேகி. எங்க குலசாமி பேரச் சொல்லியிருக்காரு என்று ஹிந்தியில் சொன்னாள். நேகி இரண்டு கையையும் நெற்றிக்கு உயர்த்திக் கும்பிட்டான், அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டான், போய்விட்டான். அதன் பிறகு அந்த வார்த்தை பூமியில் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. மாமியார் சாகும்வரை கேட்டார், எம்புள்ள கடைசியா இன்னாடி சொன்னான். தூங்கிட்டாரு அத்த. மோனிஷா கேட்டாள், அப்பாவுக்கு வலிச்சுதாம்மா. தூங்கிட்டாரு கண்ணு, பனியில போனா தூக்கம் மாதிரிதான், ஒண்ணுமே தெரியாதாம். எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி அந்தப் பொய்க்குத் தாலாட்டு மாதிரி ஒரு ராகம்கூட வந்துவிட்டிருந்தது.

"அவன் யாரையும் கூப்பிடவில்லை" என்று வாசித்தாள் மோனிஷா. "பனி போலவே ஓசையில்லாமல் போனான். நாங்கள் குவளையை ஐந்தாம் ஆளுக்குக் கொடுத்தோம்." நிமிர்ந்தாள். முதன்முறையாக அரங்கத்தைப் பார்த்தாள், வரிசை வரிசையாகத் தேடி, அம்மாவைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்றாள். கைதட்டல் எழுந்தது. பக்கத்து அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அய்யோ, நெஞ்ச பிசையுதுங்க. அனுபவிச்ச மாதிரியே படிக்கறா பாருங்க" என்றாள். தப்பு, தப்பு, கூப்பிடவில்லை என்ற வரி தப்பு என்று அமுலுவுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது, கூப்பிடுவாங்க, கூப்பிடாம யாராவது போவாங்களா, அதைச் சொல்லாமல் இவள் இறங்கக் கூடாது. அவள் எழுந்துவிட்டாள். முட்டிகளை இடித்துக்கொண்டு, மன்னிச்சிக்கோங்க, மன்னிச்சிக்கோங்க என்று வரிசையைக் கடந்து பக்கவாட்டுக் கதவு வழியாகத் தாழ்வாரத்துக்கு வந்தாள். மேடைப் படியிறங்கி மோனிஷா ஓடிவந்தாள், புடவை தடுக்கியது.

"அம்மா. கோவமா?"

"எதுக்குடி இத எடுத்த?"

மோனிஷா சுவரில் சாய்ந்துகொண்டாள். மூச்சு வாங்கியது. "அப்பாவப் பத்தி எனக்கு இன்னா தெரியும், சொல்லு. முட்ட கத தெரியும். நீ சொன்ன தூக்கம் தெரியும். போன வருசம் கிளாஸ்ல இத நடத்துனாங்க. இதுல யாரும் தூங்கலயேம்மா. வூட்டுக்கு வந்து சாப்ட முடியல. நீ கேட்ட, வயித்து வலின்னேன்."

ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தது அமுலுவுக்கு ஞாபகம் வந்தது. குடித்துவிட்டு நல்லாயிட்டேம்மா என்று சொல்லிச் சிரித்த முகமும். இந்த வீட்டில் எல்லாருமே குளிர் பரவாயில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"உனுக்கு நெசம் தெரியுமா, இல்ல உன்னயும் தூக்கம்னு ஏமாத்திட்டாங்களான்னு எனுக்குத் தெரியல. நேரா கேக்க பயமா இருந்துச்சி. கவிதையா படிச்சா உம்மூஞ்சில தெரிஞ்சிடும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுதா?"

"ம்."

உள்ளே யாரோ நன்றியுரை சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அமுலு தரையில் உட்கார்ந்தாள், தூணில் முதுகை வைத்து. பக்கத்தில் கையால் தட்டினாள். மோனிஷா கடன் வாங்கிய புடவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு வரிய தப்பா எழுதியிருக்கான் அந்த ஆளு. யாரையும் கூப்பிடலன்னு. உங்கப்பா கூப்பிட்டாரு."

சொன்னாள். நேகியைச் சொன்னாள், உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டதைச் சொன்னாள், உருக்கிக் கொடுத்த தண்ணீரைச் சொன்னாள். அந்த வார்த்தைக்கு வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் குரலில், அவன் எரிச்சலில், அவன் கொஞ்சலில் சொன்னாள். அது முதல் தடவையாக இன்னொரு தமிழ்க் காதில் விழுந்தது.

மோனிஷா அழவில்லை. தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் பதில் சொல்லலியாம்மா?"

"அங்க யாருக்குடி தமிழ் தெரியும்?"

"நீ? அப்புறமா, தனியா இருக்கும்போதாச்சும்?"

அமுலு இல்லை என்று தலையாட்டினாள். ஏனோ அது தோன்றியதே இல்லை. கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், இத்தனை வருஷமும், காதைப் பொத்திக்கொண்டு.

மோனிஷா முகத்தைத் தூக்கினாள். மேடைக் குரல் இல்லை அது. சமையல்கட்டிலிருந்து கூடத்துக்குச் சொல்வது போல, சாதாரணமாக, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்:

"சாத்திட்டேம்ப்பா. நீ தூங்கு."

அமுலுவின் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மோனிஷா அவள் தலையை இழுத்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். உள்ளே நாட்டுப்பண்ணுக்காக எல்லாரும் எழுந்து நிற்கும் நாற்காலிச் சத்தம் கேட்டது. அவர்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.